முழுச் சேதம்

திங்களிலிருந்து வியாழன் வரை
நான் வண்டிகளுக்குச் சாவு எழுதுகிறவன்.
இன்சூரன்ஸ் கம்பெனி தந்த டார்ச்சோடு
கவிழ்ந்த லெக்ஸஸின் வயிற்றுக்கடியில் படுத்து
சேசிஸ் ஒரு விரற்கடை கோணியிருந்தாலும்
டோட்டல் லாஸ் என்று கையெழுத்திடுவேன்.
பதினோராயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிராது.
சீட்டின் பாலித்தீன் உறைகூடக் கிழிந்திராது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும்
ஸஜாவில், கல்லுடைக்கும் ஆலைகளுக்குப் பின்னால்,
செவத்தியானும் நானும் ஆளுக்குப் பாதியாய் ஏலத்தில் எடுத்த
பெட்ஃபோர்டுக்குக் கீழே படுக்கிறேன்.
எனக்கு மூன்று வயது மூத்தது.
எந்தப் படை கழித்துவிட்டதென்று
ஏலக்காரனுக்கும் தெரியாது.

உப்புத்தாளால் தேய்த்தோம்.
மணல் நிறத்துக்குக் கீழே பச்சை
பச்சைக்குக் கீழே மறுபடி மணல்
கதவு மூலையில், அதற்கும் அடியில், உள்ளங்கையளவு
ரோஸ்.
எந்தச் சண்டைக்கு ஐயா ரோஸ்
என்றான் செவத்தியான்.
அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறோம்.

ஹம்ரியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
உலகத்தை எண்பதடி மேலிருந்து பார்த்தே பழகியவன்
இங்கே ஒரு போல்ட்டோடு மூக்கும் மூக்கும் உரசக் கிடக்கிறான்.
கழலுதா?
கழலல.
இன்னும் கொஞ்சம் டீசல் ஊத்து, அடுத்த வெள்ளி பாப்பம்.
ஒரு போல்ட்டுக்கு ஒரு ரமலான் போனது.
பிரேக் சிலிண்டருக்கு வேண்டிய ரப்பர்
பெஷாவரிலிருந்து
யாரோ ஒரு டிரைவரின் பாதாம் மூட்டைக்குள் வந்தது.
இன்றும் அந்தச் சக்கரம்
மிதித்தால் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்.

அதுல ஏசி இருக்கா?
ராஹிலா கேட்டது அது ஒன்றுதான்.
என் துணிகளுக்கென்று தனி வாளி வைத்தவள்.

கூரையில் வட்டமாய் ஓர் ஓட்டை
அதைச் சுற்றி, துப்பாக்கி திரும்புவதற்கான இரும்பு வளையம்.
மண்ணைச் சுரண்டி கிரீஸ் வைத்ததும்
விரலால் தள்ளினாலே சுற்றியது.
அதில் இருபத்துநாலு வோல்ட் ஃபேன் மாட்டினோம்.
யாரையும் குறிவைக்காமல்
திரும்பித் திரும்பிக் காற்றடிக்கிறது.

போன வியாழன், வேலை குறைந்த மதியம்,
ஆபீஸ் படிவமொன்றை எடுத்து விளையாட்டாய் நிரப்பினேன்.
சேசிஸ்: கோணல். தரை: பாதி இல்லை.
சந்தை மதிப்பு: பழைய இரும்பு, கிலோ விலையில்.
பழுது பார்த்த செலவு என்ற கட்டத்தில்
இடம் போதவில்லை.
மடித்துப் பையில் வைத்தேன். கையெழுத்திடவில்லை.

ஒரு தப்பும் செய்தேன்.
பின் அச்சின் நடுவில் குடம்போல் புடைத்த இடத்தில்
யாரோ வெள்ளையடித்திருந்தார்கள்.
மிச்சப் பெயிண்டைத் தீர்த்திருப்பான் என்று நினைத்து
கறுப்படித்துவிட்டேன்.
பிறகுதான் அதற்கு மேலே, தகரத் தொப்பிக்குள்,
சுண்டக்காய் அளவு பல்பு கண்ணில் பட்டது.
கையேட்டின் ஜெராக்ஸில் இரண்டே வரி:
எல்லா விளக்கும் அணைத்துப் போகும் இரவில்
பின்னால் வரும் வண்டிக்கு
இந்த வெள்ளை மட்டும் தெரியும்.

மறுபடி வெள்ளையடித்தேன்.

டிசம்பரில், மலீஹா தாண்டி, கெட்டித் தரையில்,
நிலா இல்லாத இரவாய்ப் பார்த்துப் போனோம்.
வலப்பக்க ஸ்டியரிங்கில் நான்.
இடப்பக்கம் செவத்தியான், வெளியே தலைநீட்டி
கல்லு கல்லு, ஒடி ஒடி என்று.
பின்னால் எங்கள் பஜேரோவில் ராஹிலா,
ஏழாம் தடவையில் லைசென்ஸ் வாங்கியவள்,
விளக்கணைத்து.

கண்ணாடியில் இருட்டு.
இன்ஜின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.
வருகிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை.
அந்த விளக்கு எனக்கானதல்ல.
இரண்டாம் கியரில், வேகம் கூட்டாமல் குறைக்காமல்,
நாலு கிலோமீட்டர்.

நிறுத்தி இறங்கினால்
பத்தடி பின்னால் பஜேரோ நிற்கிறது.
கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்:
கீழ் ஓரத்துல கறுப்பு தெரியுது.
இன்னொரு கோட்டு அடிக்கணும்.