எடை போடாத ஒன்று

சால்ட்டோ நகராட்சிப் பல் மருத்துவமனையில்
வியாழக்கிழமை பதினோராவது ஆள்:
உலிசெஸ் பெந்தாங்கூர், வயது ஐம்பத்துநாலு.
ஆரஞ்சு லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடையில்
இருபத்தாறு வருடமாக எழுத்தர்.
வாய் திறக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்:
"டாக்டர், இது அதுதான்."

அந்த 'அது'வுக்கு அவர் பெயர் சொல்லவில்லை.
யாரும் சொல்வதில்லை.

கீழ்த்தாடை, இடப்பக்கம்,
கோரைப்பல்லுக்கு அடுத்து,
உதட்டைப் பார்த்த ஈறில்
பட்டாணியில் பாதி அளவு ஒரு நீலம்.
வலி இல்லை, சீழ் இல்லை.
மாத்தே உறிஞ்சும் உலோகக் குழல்
தினமும் காலையில் அதை இடித்துவிட்டுத்தான்
உள்ளே போகிறதாம்.
நாலு மாதமாக நாக்குக்கு வேறு வேலையே இல்லை.

நானும் பயந்தேன். முகக்கவசம் நல்லது,
பாதி முகத்தைக் காப்பாற்றும்.
நீலம் என்றால் இரத்தக் குழாயாக இருக்கலாம்.
எலும்புக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதாக இருக்கலாம்.
செத்த பல் அனுப்பிய தூதாக இருக்கலாம்.
கண்ணாடித் துண்டால் அழுத்தினேன்; வெளிறவில்லை.
குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தேன்; துள்ளினார்.
உயிருள்ள பல்.
எக்ஸ்ரேயில் எலும்பு ஒழுங்காகத்தான் இருந்தது,
மேல்பரப்பில் மட்டும்
மெழுகில் கட்டைவிரல் வைத்தது போல
ஒரு சின்னக் குழிவு.
பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி உண்டு.
தேர்வில் வராது என்று நான் தாண்டிய பத்தி.

மரப்பூசி போட்டேன்.
வெங்காயத்தின் உள்சருகு போன்ற தோல்.
கத்தி பட்டதும் கசிந்த நீர் தெளிவாக இருந்தது,
ஊற்று போல அல்ல, கண்ணீர் போலவும் அல்ல,
நீர் போல.
பையை முழுதாக எடுத்தேன். மூன்று தையல்.
"எவ்வவு எவை?" என்றார் மரத்த வாயால்.
அப்போது எனக்குப் புரியவில்லை.

ஃபார்மலின் குப்பி
இரவுப் பேருந்தில் மொண்டேவீடியோவுக்குப் போனது,
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்,
யாரோ மகளுக்கு அனுப்பிய பாலாடைக்கட்டியோடு.

பத்தொன்பது நாள்.
அதற்குள் என்ன செய்தார் என்று பிறகு சொன்னார்:
மீன்பிடிப் படகை மைத்துனருக்கு எழுதிக் கொடுத்தார்.
பேசாமல் போன தம்பிக்குப் போன் போட்டு
மணி அடிக்கும்போதே வைத்துவிட்டார்.
ஒரு லாரியை, ஒரே ஒரு லாரியை,
எடை பார்க்காமல் அனுப்பினார்.

அறிக்கை வந்தது: ஈறின் நீர்க்கட்டி.
வயது வந்தோருக்கு வருவது. அரிது. தீங்கற்றது.
சுவர் இரண்டு மூன்று செல் தடிமன்,
அங்கங்கே சிறு தடிப்பு.

எப்படி விளக்குவது?
நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது
பல் கட்ட ஒரு கூட்டம் வந்தது.
கட்டியது, கலைந்தது.
சிலர் மட்டும் ஊர் திரும்பவில்லை.
ஈறுக்குள்ளேயே படுத்துவிட்டார்கள்,
கூலி கேட்காமல், ஐம்பது வருடம்.
பிறகு ஒருநாள் ஒருவன் விழித்துக்கொள்கிறான்,
இன்னும் வேலை மிச்சம் இருக்கிறதென்று.
கட்ட வந்தவன் கட்டியாகிறான்.
ஏன் அவன், ஏன் அன்று என்று கேட்காதீர்கள்.

"எங்கள் பழம் பறிக்கும் ஆட்கள் மாதிரி," என்றார்.
"சீசன் முடிந்தும் சிலர் கொட்டகையிலேயே தங்கிவிடுவார்கள்."
ஆமாம், அப்படித்தான், என்றேன்.
"அவர்களை நாங்கள் வெட்டி எடுப்பதில்லை."

கையுறையைக் கழற்றுவதில்
கொஞ்ச நேரம் செலவழித்தேன்.

திரும்ப வருமா? அநேகமாக வராது.
ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டுங்கள்.
படகு? மைத்துனர் தர மறுக்கிறாராம்.
அதற்கு என்னிடம் சிகிச்சை இல்லை.

வாசல்வரை போனவர் திரும்பினார்:
"எடையைச் சொல்லவே இல்லையே."
போடவில்லை, என்றேன்.
பத்தொன்பது நாளும் இல்லாத சந்தேகம்
அப்போதுதான் அவர் கண்ணில் வந்தது.

இரவு, சமையலறையில், தனியாக மாத்தே.
குழலை எடுத்ததும் என் நாக்கு
கீழ் ஈறைத் தேடிப் போனது.
ஒன்றும் இல்லை.
மறுபடியும் போனது.