இரண்டாம் திகதி வாங்கோ

மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில்
நாற்பத்திரண்டாயிரம் என்று எழுதிக்
கீழே ஒரு கோடு இழுத்தேன்.
கோடு நேராகத்தான் வந்தது.

உப்புவெளி ஹோட்டலில் கணக்குப் பார்க்கும் வேலை.
நாலு வருஷத்துக்குப் பிறகு ஒருவர்
என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டார்.
அந்தச் சொல்லை
இரண்டு பஸ்ஸிலும் வாயில் வைத்துக்
கரைத்துக்கொண்டே வந்தேன்
கன்னியா வரும்வரை.

வந்ததும் கழித்தல்.
சேமலாப நிதி நூற்றுக்கு எட்டு.
பஸ், போக வர நூற்றி எண்பது,
இருபத்தாறு நாள்.
கூரையால் விழுந்த ஜெயசீலனைப்
பகலில் திருப்பிப் படுக்கவைக்க
பக்கத்து வீட்டு நேசமலருக்கு ஒன்பதாயிரம்,
அதுவும் அவள் கேட்கவில்லை, நான் சொன்னது.
கடைசியாக
இனி வராது என்று நினைக்கும்
அஸ்வெசும பத்தாயிரம்.

மிச்சம்
பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
நாளுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்,
முப்பத்தெட்டுச் சதம்.
அந்த முப்பத்தெட்டுச் சதம்தான்
என்னைச் சிரிக்கவைத்தது.

கட்டிலில் கிடந்தபடி
பில்லை வாங்கிப் பார்த்தான்.
ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப்
பிழை தேடினான்.
இதுக்கே போறாய் என்று கேட்பான் என்றிருந்தேன்.
'சீசன் டிக்கட் எடு,
பஸ் காசு குறையும்' என்றான்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான்.
நான் திருப்பிவிட்டேன்.

நேசமலர் சொன்னாள்:
'சொல்லாதை. கேட்டாச் சொல்லு.'
நல்ல மனசோடுதான் சொன்னாள்.
அவளுடைய பெயர் பட்டியலில் வரவே இல்லை,
அவளிடம் பழைய டி.வி. ஒன்று இருந்ததாம்.

ஹோட்டலில் வரி இலக்கம் கேட்டார்கள்.
'இந்தச் சம்பளத்துக்கு வரி வராது மிஸ்,
ஆனா இலக்கம் வேணும்.'
கட்ட ஒன்றுமில்லாத எனக்கும்
நாட்டில் ஒரு நீளமான எண் கிடைத்தது.
தொலைபேசியில் சேமித்தேன்,
யாருடைய பெயரில் என்று தெரியாமல்
என் பெயரிலேயே.

இரவு முழுக்க அந்த எட்டு வீதத்தை யோசித்தேன்.
மற்றக் காசெல்லாம் வந்த வழியே போகும்,
பஸ்ஸுக்கு, மருந்துக்கு, அரிசிக்கு.
வெட்டப்படுகிற அந்த மூவாயிரத்துச் சொச்சம் மட்டும்
எனக்கு ஐம்பதாகும்வரை
கொழும்பில் எங்கோ
என் பேரைச் சொல்லிக்கொண்டு இருக்கும்.
இன்னும் பதினொரு வருஷம்.
கழித்தல் பக்கத்தில் எழுதினதை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.

காலையில் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.
ஒன்பதாவது ஆளாக இருந்து
பதினொன்றே காலுக்கு முன்னால் போனேன்.
றிஸ்மியா மிஸ், கிண்ணியாக்காரி,
கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.
'வேலை எப்ப தொடக்கம்?'
'வாற ஒண்டாம் திகதி.'
'அப்ப இண்டைக்கு வேலை இல்லை.'
'இல்லை.'
'நடக்காததை நான் எப்பிடிப் பதியிறது தங்கச்சி,
இரண்டாம் திகதி வாங்கோ.'

இரண்டாம் திகதி
எனக்கு வேலையல்லவா என்று சொன்னேன்.
அவர் பேனையை மூடினார்.
கொஞ்ச நேரம்
நாங்கள் இரண்டு பேருமே
அந்த வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு கடிதத்தின் மூலையில்
பென்சிலால் ஏதோ எழுதி
'இது என்னட்ட இருக்கட்டும்' என்றார்.
அது சட்டமா தயவா தெரியாது.

பஸ் நிலையத்தில் மான்கள் நின்றன,
வாழைப்பழத் தோலுக்கும் பொலித்தீனுக்கும் நடுவில்
யாருக்கும் பயப்படாமல்.
ஒன்று யாரோ கைவிட்ட போட்டோக்கொப்பியை
நிதானமாய் மென்றுகொண்டிருந்தது,
அடையாள அட்டையின் முகம் முதலில்,
பிறகு இலக்கம்.
என் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சீசன் டிக்கட் கொடுக்கும் ஜன்னல்
எங்கே என்று கேட்டேன்.