கேமராவின் கடிகாரம்

பென் டிரைவில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படம்.
ஆல்பத்துக்கு நாற்பது பக்கம்.
ஞானதிக்கம் சார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்:
கூட்டத்தை எடுத்துரும்மா,
தேதியும் நேரமும் மூலையில் சின்னதா வரணும்.

சமாதானபுரம் முக்கில், மாடியில், ஸ்டுடியோ.
ஆடிக் காற்று ஷட்டரை உலுக்குகிறது.
கல்யாண வீடுகளுக்கென்று நான் செய்து வைத்திருக்கும் கலரை
எதில் போட்டாலும் கூறைப்பட்டின் அரக்கு ஏறிவிடும்.
வெனிஸ் தண்ணீருக்கும் ஏறியது.
இறக்கினேன்.

சுவர்களெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கின்றன.
அவ்வளவு பெரிய ஊர்,
ஒரு பண்டிகைக்காவது வெள்ளையடிக்க மாட்டார்களா?
ஒரு சுவரை மட்டும் நானே வெளுத்துப் பார்த்தேன்.
ஆள் குடிபோன வீடு மாதிரி ஆகிவிட்டது.
பழையபடி விட்டேன்.

அப்புறம் சாப்பாடு.
ஒரு தட்டுக்கு ஒன்பது படம்,
மேலிருந்து, பக்கத்திலிருந்து, முள்கரண்டியோடு, இல்லாமல்.
கணவாய் மையில் கறுத்த சேமியா:
முதல் படத்தில் ஆவி பறக்கிறது,
ஒன்பதாவதில் இல்லை.
தட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றிலும் ஒரு கை,
இரண்டு வளையல்,
மேஜை விளிம்பைப் பிடித்தபடி.

அந்தக் கைக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். ரோஸ்லெட் டீச்சர்.
மானிட்டரைப் பார்த்ததும் சிரிப்பு.
"இவிய எடுத்து முடிக்கதுக்குள்ள
எல்லாம் பச்சத்தண்ணியா ஆறிப்போயிரும்லா.
ரெண்டு மாசம் சூடா ஒண்ணுமே திங்கல.
சோறு கேட்டா அரிசி நடுவுல நறுக்குன்னு இருக்கு,
அதுதான் பக்குவமாம்.
ஃபிளாரன்ஸ்ல ரொட்டிக்கு உப்பே கிடையாது.
காசு குடுத்து வாங்குன ரொட்டிம்மா!"
காப்பிக்கு விரலால் அளவு காட்டினார்:
இருமல் மருந்து மூடி.

மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
மகள் இருக்கும் படம் பதினொன்றுதான்.
எல்லாவற்றிலும் நடந்துகொண்டிருக்கிறாள்,
கொஞ்சம் முன்னால்.

கூட்டத்தை எடுக்க உட்கார்ந்தேன்.
சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பதினாறு பேர்
(சாரும் தாங்குகிறார், அவர் இருக்கட்டும்),
புல்லை நகலெடுத்து நகலெடுத்து மூடினேன்.
ஒரு பையன் மிச்சம்.
பிஸ்தா ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்து,
நக்கவா அழவா என்று முடிவெடுக்காத முகம்.
அழித்தால் யாருக்கும் தெரியாது.
விட்டால் சார் கேட்பார்.
விட்டேன்.

நேரம் போடப்போனபோதுதான் பார்த்தேன்.
ஜூன் பதினெட்டு, இரவு பன்னிரண்டு பத்து.
கால்வாய் முழுக்க மஞ்சள் வெயில்.
படகின் முனையில் ஒரு நாய்
மூக்கை வெயிலுக்கு நீட்டி நிற்கிறது.

கேமராவின் கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை.
பதுவைக்குப் போயும் பிசாவுக்குப் போயும்
அது பாளையங்கோட்டையிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு பத்து எனக்கு நினைவிருக்கிறது.
மூன்று நாள் கழித்து ஆற்றுத் தண்ணீர் விட்ட ராத்திரி.
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
பன்னிரண்டு குடம், இரண்டு டிரம், கடைசியில் குக்கர்.
கரண்டும் இல்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கவ்வியிருந்தேன்.
அந்நேரம் அங்கே வெயில்.
அந்நேரம் அந்த நாய்.
தெரிந்திருந்தால் மட்டும் என்ன,
குடம் அதே கனம்தான்.

மூன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும்.
மொத்தமாகக் கழிக்க ஒரு பட்டன் இருக்கிறது.
சாருக்கு ஃபோன் போட்டேன், டீச்சர் எடுத்தார்.
விவரம் சொன்னேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"நம்ம மணியே கிடக்கட்டும்மா.
அவ வேல முடிஞ்சு கூப்பிடுததே
நமக்குப் பன்னெண்டு மணிக்குத்தான்."

கணவாய்ச் சேமியாவில் ஒன்பதையும் தள்ளிவிட்டு
ஆவி பறக்கும் முதலாவதைத் திரும்ப எடுத்து
இரண்டு பக்கத்துக்கும் விரித்தேன்.
நாளை சிவகாசிக்கு அனுப்ப வேண்டும்.
அங்கிருந்து கட்டாயம் ஃபோன் வரும்,
பதினேழாம் பக்கத்தில் நேரம் தப்பா இருக்கே மேடம் என்று.
தப்பில்லை, போடுங்க.