நாற்பது

முந்நூறு இல்லாம இந்தக் காலத்துல ஒரு வீடா மேடம்
என்றான் கனெக்‌ஷன் விற்க வந்த பையன்,
பெரம்பூரில் மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்காமல்.
கழுத்து அட்டையில் குணாளன் என்றிருந்தது.

ஏற்கெனவே நூற்றைம்பதுக்குக் கட்டுகிறோம்.
அதிலும் படுக்கையறையில் வட்டம் சுற்றுகிறது.
சுற்றினால் வேகம் பத்தவில்லை, அவ்வளவுதான்,
முந்நூறே போட்டுடு என்று
பெலிக்ஸ் ஷூ மாட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவள்.
தலையாட்டும் முன் கூட்டிப் பார்க்கிற வியாதி உண்டு.
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
டிவிக்கு, நல்ல தெளிவில், ஆறு.
ரெனிட்டாவின் டியூஷனுக்கு, முகம் காட்டினால் மூன்று,
காட்டமாட்டாள், ஆகவே ஒன்று.
பெலிக்ஸின் மீட்டிங் மூன்று.
மாமனாரின் ஜெபக்கூட்டம் இரண்டு
(அவர் வைக்கிற சத்தத்துக்குக் கணக்கில்லை).
என் எக்ஸெல் ஷீட் போய்வர அரை.
போன்கள் தூக்கத்தில் தின்பது என்று ஒரு ஐந்து.
எல்லாரும் ஒரே நிமிடத்தில் ஒரே வெறியோடு உட்கார்ந்தாலும்
இருபதைத் தொடவில்லை.

தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய
இந்த ஊர்க்காரி யாரைக் கேட்டாலும் சொல்வாள்:
ரெண்டு இன்ச் பைப் போட்டுவிட்டால்
பல் தேய்க்கக் கூடுதல் தண்ணி தேவைப்படாது.

யாரிடமும் சொல்லாமல் நாற்பதுக்கு இறக்கினேன்.

அதே வாரம் ரவுட்டரையும் வெளியே எடுத்தேன்.
நாலு வருஷமாக அது ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் நின்று
என் பட்டுப்புடவைகளுக்கு இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தது.
தூசி தட்டி, ஹாலில் மாதா படத்துக்குக் கீழே
ஆணி அடித்து மாட்டினேன்.

மூன்றாம் நாள் பெலிக்ஸ் படுக்கையறையிலிருந்து கத்தினார்:
பாத்தியா, முந்நூறு போட்டதும் எப்படிப் பறக்குது!
நான் தாளித்துக்கொண்டிருந்தேன்.
கடுகு வெடித்து முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன்.
முடிந்த பிறகும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு
தோஹாவிலிருந்து என் தம்பி பிரிட்டோ.
கட்டம் கட்டமாக வந்தான்.
மூக்கு முதலில், சிரிப்பு பிறகு,
அப்புறம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டான்,
ஏதோ கேட்க வந்து கூச்சப்பட்டவன் மாதிரி.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
நாற்பது. நான்தான். நான் இறக்கியதுதான்.

டெஸ்ட் போட்டேன். முள் ஏறி
நாற்பத்தொன்றில் நின்றது.
இந்தப் பக்கம் ரோடு காலி.

அந்தப் பக்கம்
ஒரு அறை, அடுக்குக் கட்டில்கள்,
பதினோரு பேர், ஒரு கனெக்‌ஷன்.
லீவு நாள், ராத்திரி ஒன்பது மணி அங்கே.
பதினோரு பேருக்கும் யாரோ ஒருவர் முகம் வேண்டும்.
கூட்டத் தெரிந்தவளுக்கு வகுக்கவும் தெரியும்.
பெரம்பூரில் ஆயிரம் வாங்கி ஆணியில் மாட்டினாலும்
அவன் கட்டில்வரை அது போகாது.
குணாளன் இதற்கு ஒரு பிளான் வைத்திருக்கவில்லை.

வீடியோவ அணைச்சிடுடா என்றேன்.
குரலுக்கு, ஒன்றில் பத்தில் ஒரு பங்கு போதும்.
திரை கறுத்தது. அவன் தெளிவாக வந்தான்.
பின்னால் யாரோ மலையாளத்தில் சண்டை போடுவது,
யாரோ பெங்காலியில் ஒரு குழந்தையைக் கொஞ்சுவது,
எல்லாமே வந்தது.

என்ன சாப்ட்ட என்றான்.
ரசம்.
என்ன ரசம்?
பூண்டு எத்தனை பல் என்பதுவரை சொன்னேன்.
பிறகு பீரோ விஷயத்தையும், நாற்பதையும்,
பறக்குது என்று மாமா கத்தியதையும்.

அவன் சிரிப்பு
கொஞ்சமும் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது.

மெதுவாடா,
பக்கத்துல தூங்குறார்.