ஏழாவது கட்டை

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் கரண்ட் போன மத்தியானம்
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்
இன்னும் பிறக்காத ஒரு கருவியின் முதுகை.

சலைன் சொட்டை எண்ணுமாம்.
சுப்ரீத் வரைந்தது, எடை நூற்றெண்பது கிராம்.
பாலைமரம் தொண்ணூறைத் தாண்டவில்லை.
வயிற்றைக் குடைந்து
தூண்டில் ஈயக்குண்டுகள் போட்டுப் பசையால் மூடினேன்.
இப்போது பொய்க்குச் சரியான கனம்.

முந்தைய ஆறும் அலமாரியில்.
ஒன்று கைக்குப் பெரிது, ஒன்று வழுக்கியது,
மூன்றாவதை ஏன் வேண்டாமென்றார்கள்
என்று யாரும் சொல்லவில்லை.

பொத்தானுக்குப் பென்சில் வட்டம்,
அதற்குள் சிவப்பு நகப்பூச்சு,
என்னுடையதுதான்.

வியாழக்கிழமை
இரவு ஷிஃப்ட் முடித்த ரெஜினா சிஸ்டர்
ஒரு கையில் டீயோடு மறுகையில் வாங்கினார்.
பார்க்காமலே கட்டைவிரல் சிவப்புக்குப் போனது.
அழுத்தினார். காத்திருந்தார்.
மறுபடி அழுத்தி,
"சத்தமே வரலியே, சார்ஜ் இல்லையா?"

சுப்ரீத் என்னைப் பார்த்தான்.
நான் தரையைப் பார்த்தேன், சிரிப்பை அடக்க.

ஆட்டோவில் திரும்பும்போது
பிளாஸ்டிக்காரனுக்கு போன் போட்டுவிட்டான்.
மடியில் கட்டையைத் திருப்பினேன்:
நகப்பூச்சில் அவர் நகம் கீறிய இடம்
நடுவில் இல்லை, இடப்பக்கம், இரண்டு மில்லி.

போனை வை என்றேன்.