அறுபத்தெட்டுப் பெட்டி

லோகு வீடியோ அனுப்பியிருந்தான்.
பனிக்குள்ளிருந்து ஒரு ரயில் வருகிறது,
வருகிறது,
இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.
ஜன்னல் இல்லை. கையசைக்க ஆளில்லை.
அறுபத்தெட்டுப் பெட்டி, எண்ணிப் பார் என்றான்.
நாற்பத்தொன்றில் சிக்னல் போய்
ரயில் நின்ற இடத்தில்
ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

பெட்டிக்கு நூறு தொன் இரும்புக்கல்லாம்.
சுவீடனில் மலையைக் குடைந்து
எல்லை தாண்டி
நோர்வே துறைமுகத்தில் கொட்டுகிறார்களாம்.
தம்பிக்கு அங்கே தண்டவாளத்தில் பனி வழிக்கிற வேலை.
"அதே சவலுதான் அக்கா,
மண்ணுக்குப் பதிலா பனி."

வட்டகொடையில்
எங்கள் லயத்துக்குக் கீழேயும் தண்டவாளம் போகிறது.
அதில் வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு
மலையைப் படம்பிடித்தபடி போகிறார்கள்,
மலையில் நிற்கிற என்னையும் சேர்த்து.
தேயிலை லொறியில் போகிறது.

நேற்று மடுவத்தில் இருபது நிறுத்தது.
ஈரத்துக்கென்று இரண்டரை கழித்தார்கள்.
பதினேழரை. அரைப்பேர்.
அந்தக் கோபத்தில்தான் மகனிடம் கேட்டேன்:
ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ என்றால்
நூறு தொன்னுக்கு எத்தனை நாள்?
நிதுர்சன் போனைத் தட்டிவிட்டுச் சொன்னான்,
"பதினெட்டரை வருசம்மா. ஞாயிறு லீவோட."

பதினெட்டு வயதில் பேர் பதிந்தேன்.
அப்படியென்றால்
என் முதல் பெட்டி போன மாசியில் நிறைந்திருக்கும்.
இனி அறுபத்தேழு.
ரொட்டி கருகுகிறது என்று
பக்கத்து வீட்டுக் காத்தாயி கத்தினாள்.

இன்னொன்றும் சொன்னான் லோகு.
பாரத்தோடு இறங்குகிற ரயில்
பிரேக் பிடிக்கப் பிடிக்க மின்சாரம் சுரக்குமாம்.
அந்த மின்சாரத்தில்தான்
வெறும் பெட்டிகள் மேலே ஏறுமாம்.
இறங்குகிற பாரமே ஏறுகிறதை இழுக்குமா?
ஆமாக்கா என்றான், அவனே கண்டுபிடித்த மாதிரி.
நான் கூடையோடு இறங்குவதும்
கூடையை உதறிக்கொண்டு மறுபடி ஏறுவதும்
இதே இரண்டு முழங்காலில்.
அதைச் சொல்லவில்லை.
அவனுக்கு அங்கே இருட்டாக இருந்தது, பகல் பதினொரு மணிக்கு.

மார்கழியில் பார்சல் வந்தது.
சொக்லேட், கம்பளிக் காலுறை,
ஒரு மாத்திரை டப்பிக்குள் ஒரேயொரு உருண்டை.
சுண்டைக்காய் அளவு.
கறுப்பென்றும் சொல்ல முடியாது, சிவப்பென்றும்.
பெட்டியிலிருந்து சிந்தியதாம்.
"உருக்கினா இரும்புக்கா. பத்திரம்."
சாமித்தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குள் வைத்தேன்.

மூன்று நாள் இருந்தது.
நாலாம் நாள் கூரையில் குரங்கு.
நிதுர்சனுக்கு வேறு கல் கிடைக்கவில்லையாம்.
கவணில் வைத்து இழுத்து விட்டிருக்கிறான்.
குரங்குக்குப் படவில்லை.
கீழே தண்டவாளத்தில் பட்டு
டிங் என்றதாம்.
"பெல் அடிச்ச மாதிரிம்மா"
என்று சிரித்தவன்
என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அடிக்கவில்லை.
மறுநாள் கொழுந்துக்குப் போகிற வழியில்
சல்லிக்கல்லுக்குள் தேடினேன்,
படங்கு ஈரமாகி முழங்காலில் ஒட்டும்வரை.
மழை நனைத்த பிறகு
எல்லாக் கல்லுக்கும் அதே நிறம்.
வளைவில் பொடிமெனிக்கே கூவியது. ஒதுங்கினேன்.
கதவில் தொங்கியவள் ஒருத்தி எனக்குக் கையசைத்தாள்.
என் கை கூடைக் கயிற்றில் இருந்தது.

ஞாயிறு லோகு எடுத்தான்.
"கல்லு இருக்கா அக்கா?"
"இருக்கு. சாமிகிட்ட."
அதற்குப்பின் அவன் பேசவில்லை.
அவன் பக்கம் ஏதோ ஒன்று
வெகுநேரம் கடந்துகொண்டிருந்தது.