மிதப்பவை

மனிசாலெஸில் மழை விட்டதும்
கேபிள் வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்குகின்றன.
நூலகத்தின் மூன்றாம் தளத்தில்
இரண்டு ஆய்விதழ்களைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சம்பளமில்லாத வேலை, வாரம் ஆறு மணி நேரம்.
திறந்த அணுக்கப் பட்டியலுக்குள் எதை விடலாம்,
எதை வாசலோடு நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டும்.

முதல் இதழ் பளபளவென்றிருக்கிறது.
ஐம்பத்தொரு கேள்விக்கும் பதில் தயார்.
உரிமம் உண்டு. காப்பகம் உண்டு.
கருத்துத் திருட்டுக்கு எதிராக நாலு பக்கக் கொள்கை உண்டு;
அந்தக் கொள்கையே இன்னோர் இதழிலிருந்து
எழுத்துப் பிழையோடு திருடியது.
சக மதிப்பாய்வு ஐந்தே நாள், ஞாயிறு உட்பட.
அலுவலக முகவரியை வரைபடத்தில் தேடினேன்:
பஞ்சர் ஒட்டும் கடை.
வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது,
முகம் மங்கலாக்கப்பட்டு.

ஆசிரியர் குழுவில் முப்பத்தெட்டுப் பேர்.
பத்தொன்பதாவது பெயர், ஹெர்னான் புயித்ராகோ, மண்ணியல்.
அவர் சவப்பெட்டியின் இடது பக்கத்தைப் பிடித்தவள் நான்.
மூன்று வருடமாகிறது.
இன்னும் கட்டுரைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறார்,
ஒன்றுக்கு நானூறு டாலர் வீதம்.
உயிரோடு இருந்தபோது
ஒரு காற்புள்ளியைக்கூட லேசில் ஏற்காத மனிதர்.

இரண்டாவது, ஒரூரோவிலிருந்து,
பொலிவிய மேட்டுநிலத்துக் குளிரிலிருந்து வருகிறது.
பக்கம் திறக்க ஒன்றரை நிமிடம்.
வருடத்துக்கு ஓர் இதழ், அதுவும் தாமதம்.
உரிமம் பற்றி ஒரு வரி கிடையாது.
கட்டணம் என்ற இடத்தில்
'யாரிடமும் காசு வாங்குவதில்லை, கொடுப்பதுமில்லை'
என்று எழுதியிருக்கிறார்கள், கொஞ்சம் கோபமாக.
முகப்பிலேயே ஓர் அறிவிப்பு:

கினோவா வயல்களின் உப்பளவு பற்றிய கட்டுரையைத்
திரும்பப் பெறுகிறோம். கருவி பழுது.
கவனிக்காமல் விட்டது ஆசிரியரின் தவறு.
கட்டுரையை எழுதியதும் ஆசிரியரே.
சாத்துர்னினா சோக்கே.

மூன்று தடவை வாசித்தேன்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
படிவத்தின்படி முதலாவது உள்ளே வரும்,
இது வெளியே நிற்கும்.

கீழே தோட்டங்களில்
காப்பிப் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டுவார்கள்.
கனமுள்ளது அடியில் போகும்.
பூச்சி தின்று கூடானது மேலே வரும்.
சிவப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.
எனக்குத் தொட்டி கிடையாது.
தண்ணீரும் நானேதான்.

அந்தத் தண்ணீரின் தெளிவையும் சொல்லிவிடுகிறேன்.
பதினொரு வருடம் முன்பு
பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை கேட்டார்கள்.
கையில் ஒன்று. கெடு முடிய ஒன்பது நாள்.
கூட்டுறவுச் சங்கத்தில் முன்னூற்றைம்பது டாலருக்குக் கடன்.
மதிப்பாய்வாளரின் கருத்து ஒற்றை வரி:
'மிகச் சிறந்த கட்டுரை, சகோதரரே.'
பதவி வந்தது.
அந்த இதழின் தளத்தில் இப்போது காலணி விற்கிறார்கள்.
என் தகுதிக் குறிப்பின் ஏழாம் வரி
இன்னும் அழியாமல் இருக்கிறது.
புயித்ராகோ பார்த்தார்.
அன்றைக்கு மட்டும் அவர் எதையும் கேட்கவில்லை.

முதல் இதழை நிராகரித்தேன்.
காரணத்துக்கான கட்டத்தில் எழுதினேன்:
பத்தொன்பதாமவர் காலமாகிவிட்டார். சாட்சி, நான்.
ஒரூரோவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன்:
உரிம வரி ஒன்று சேருங்கள்,
மாதிரி இணைத்திருக்கிறேன்,
அதுவரை கோப்பை மூடாமல் வைத்திருக்கிறேன்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது.
'அம்மணி,
பட்டியலில் சேர்க்கிறோம் என்று
மாதம் பத்துப் பேர் எழுதுகிறார்கள்.
கடைசியில் வங்கிக் கணக்கு எண் வரும்.
உங்கள் கடிதத்தில் அது வராதது வியப்பு.
அதனால் உங்கள் பெயரைத் தேடினேன்.
ஏழாவது கட்டுரை எந்த இதழில் வந்தது,
யார் மதிப்பாய்ந்தார்கள் என்று தெரிவிக்க முடியுமா?
அதன் பிறகு உரிமத்தைப் பற்றிப் பேசலாம்.'

நூலகத்தை மூட மணி அடிக்கிறார்கள்.
வில்யமரியா போகும் கடைசி வண்டி
மின்விளக்கோடு மேகத்துக்குள் நுழைகிறது.

அன்புள்ள சோக்கே, என்று தட்டச்சு செய்கிறேன்.
அழிக்கிறேன்.
மதிப்புக்குரிய ஆசிரியருக்கு.